மாடு நிக்குதோ?

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில மாடு நிக்குதோ?" என்பது.

நான் அப்போது புளியங்கூடலில் அவருடைய வாசற் படலையடியில், முதுகில் கிற்றாரோடு நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக அலுமாரியின் தலையில் கிடந்த கிற்றார். அதைத் துடைத்து, புதுக் கம்பி பூட்டி, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தவனிடம் ஒருவர் மாட்டை விசாரித்தால் என்ன சொல்வது? இல்லை என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"ஆடு?"

ஆடும் இல்லை. அடுத்துக் கோழி கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. கோழி வளர்க்கிறவனை நம்ப ஏலாது, ஒரு பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் கறியாக்கிப்போட்டு விமானம் ஏறிவிடுவான் என்பது அவருடைய கட்சி. அதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

அவர் கால்நடைத் திணைக்களத்து உத்தியோகத்தர். தீவுப் பக்கத்தில் மாடு வைத்திருந்த எல்லாரும் அவரை 'ஊசி போடுறவர்' என்றார்கள், மாடு இல்லாதவர்களும் அப்படியே சொன்னார்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரை வெள்ளைத் தாளில் எழுதிப் பழகுகிறவன் ஒருநாள் அதைப் பாஸ்போட்டில் பார்க்க ஆசைப்படுவான் என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். கிழமை நாட்களில் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் மாட்டு ஊசி மருந்துக் குளிர்ப்பெட்டி இருக்கும். சனிக்கிழமைகளில் அதே இடத்தில், அதே கயிற்றால், மழைக்கோட்டில் சுற்றிய கீபோட்டைக் கட்டிக்கொண்டு வருவார். இரண்டையும் ஒரே பயத்தோடுதான் இறக்குவார்.

நான் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் நூலகர். அவருடைய அறிவித்தல் என் பலகையில்தான் முதலில் ஏறியது. மாடுகளின் கால்-வாய் நோய்த் தடுப்பூசிப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். ஒத்த மனமுள்ள இசைக்கலைஞர்கள் தேவை. சொந்தப் பாட்டு மட்டும். சினிமாப் பாட்டுக் கேட்டு வரவேண்டாம். நிரந்தரமானவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும். அந்தக் கடைசிச் சொற்களில்தான் நான் விழுந்தேன். தத்துவப் புத்தகங்கள் எங்கள் நூலகத்தில் அரை அலுமாரி இருக்கின்றன, அவற்றை வாசித்தவன் நான் ஒருவன்தான். நிரந்தரம் என்ற சொல்லை இவ்வளவு நம்பிக்கையோடு எழுதிய ஆளை அவற்றில் கண்டதில்லை.

அவருடைய மாட்டுக் கணக்கு இதுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகிறார் என்றால் அது ஊருக்குத் தெரியாது. சொந்தத் தமையனுக்கே கொழும்பிலிருந்துதான் சொல்வார்கள். ஆனால் மாட்டை விற்காமல் போக முடியாது. வீட்டைப் பூட்டலாம், காணியை மச்சானின் பேரில் விடலாம். மாட்டைப் பூட்டிவிட்டுப் போகமுடியுமா? ஆகவே முதலில் மாடு கைமாறும். மாடு கைமாறினால் ஊசிப் புத்தகத்தில் சொந்தக்காரரின் பெயர் மாறும். அந்தப் புத்தகம் இவரிடம் இருந்தது. ஏஜென்சிக்காரன் விமானச் சீட்டைப் பதிவதற்கு முன்பே, இன்ன வீட்டில் இன்ன பெடியன் போகப்போகிறான் என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்து என்ன? ஒன்றும் செய்யமுடியாது. பேசாமல் வீட்டுக்குப் போய்க் கீபோட்டைத் துடைப்பார்.

எங்களுக்கு முன்பு மூன்று குழுக்கள் தொடங்கியிருந்தார். முதலாவதில் கிற்றார் வாசித்தவர் சுவிசுக்குப் போனார். இரண்டாவதில் பாடியவர் கட்டின பெண் நோர்வேயில் இருந்தாள். மூன்றாவது குழு முழுதாக லண்டனுக்குக் கச்சேரிக்கு அழைக்கப்பட்டுப் போனது. இவர் மட்டும் லீவு கிடைக்காமல் நின்றுவிட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாத்தியங்கள் கப்பலில் திரும்பி வந்தன, ஆட்கள் வரவில்லை. அதனால் அவரிடம் வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. எனக்கு அவர் தந்த பேஸ் கிற்றார் சுவிஸ்காரர் விட்டுப்போனது. என்னுடைய கிற்றாரைக் கேட்டுவிட்டுத்தான் அதைத் தந்தார். "இதில நாலு கம்பிதான், உமக்கு இது காணும்" என்றார். இரண்டு கம்பியில் விடக்கூடிய பிழை மிச்சம் என்று நானும் சந்தோசப்பட்டேன்.

மாடில்லாத என்னை அவர் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் பாஸ்போட். காலாவதியாகிவிட்டது என்று சொன்னேன். கொண்டுவந்து காட்டச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை காட்டினேன். பொருத்தம் பார்க்கிறவர் சாதகக் குறிப்பைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு முத்திரையும் இல்லை. முதல் தடவையாகச் சிரித்தார்.

மற்ற இருவரும் மாட்டு வழியாக வந்தவர்கள். மண்கும்பான் ரூபன் தண்ணிப் பவுசர் ஓட்டுகிறவன். அவனை ட்ரம்சுக்குத் தேர்ந்தெடுத்த காரணம், அவனுடைய மனைவி அந்த மாதம்தான் ஒரு நாகு வாங்கியிருந்தாள். நாகென்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு. அது வளர்ந்து, சினைப்பட்டு, கன்று போட்டுப் பால் தர இரண்டு வருடத்துக்கு மேல் செல்லும். "நாகு வாங்கினவன் அசையமாட்டான்" என்று அவர் எனக்கு இரகசியமாகச் சொன்னார். ரூபனும் அசையவில்லை என்பது உண்மை. ஆனால் அவனுடைய தாளம் அசைந்தது. பவுசரில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஓட்டுகிற வேகத்தில் தொடங்குவான், வெறும் பவுசரின் வேகத்தில் முடிப்பான்.

சுகந்தி ரீச்சர் நயினாதீவு. முன்பள்ளியில் படிப்பிக்கிறவர். இரண்டு பசு, நடக்க ஏலாத தாய், அடுப்பு வைக்க இன்னும் கட்டிமுடிக்காத குசினி. ஊசி போடுறவரின் கண்ணுக்கு இதைவிடச் சிறந்த பாடகி உலகத்தில் இருக்க முடியாது. நல்ல குரலும் இருந்தது தற்செயல். படகில் வந்து குறிகட்டுவான் துறையில் விட்டிருக்கும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வருவார், கடைசிப் படகுக்குத் திரும்பிவிடுவார். ஐந்து மணியானால் அவர் பாட்டுக்குள்ளேயே மணிக்கூட்டைப் பார்ப்பார். அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதை நம்மவர் பார்ப்பார். நம்மவர் பார்ப்பதை ரூபன் பார்த்து இன்னும் வேகமாக அடிப்பான்.

ஒத்திகை, பாவனையில் இல்லாத பால் சேகரிப்பு நிலையத்தில். சீமெந்துத் தரையில் புளித்த பால் மணம் போகவேயில்லை. பாட்டுத் தொடங்குமுன் அவர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவார். எல்லாக் குழுவிலும் எண்ணுவார்கள், தாளத்துக்காக. இவர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொருவரின் முகத்தைப் பார்த்தார். ஒன்றுக்கு ரூபன், இரண்டுக்கு ரீச்சர், மூன்றுக்கு நான், நான்குக்குத் தன் நெஞ்சைக் கையால் தொடுவார். எல்லாரும் இருக்கிறார்கள் என்று உறுதியான பிறகுதான் விரல் கீபோட்டில் விழும்.

எங்களுடைய நல்ல பாட்டு, பவுசர் வராத ஒரு நாளைப் பற்றியது. குடங்கள் வரிசையில் நிற்கும், பெண்கள் கதைத்துக்கொண்டிருப்பார்கள், பவுசர் வராது, பாட்டு அவ்வளவுதான். எழுதியவர் அவர். வராத ஒன்றுக்குக் காத்திருப்பதைப் பற்றி அவரைவிட யார் எழுத முடியும்?

அவரோடு இருப்பது சுகமான காரியம் என்று சொல்லமாட்டேன். எந்த நேரமும் சோதனை. ரீச்சர் பல்லுக்கு டொக்டரிடம் போனால், வெளிநாட்டில் பல் வைத்தியம் விலை என்பதால் இங்கேயே சரிபண்ணிக்கொண்டு போகப்போகிறாரோ என்று என்னிடம் கேட்பார். ரூபன் ஒருநாள் மூடின சப்பாத்தோடு வந்தான். பவுசர்காரனுக்குச் சப்பாத்து எதற்கு? அன்று அவர் இரண்டு பாட்டிலும் பிழைவிட்டார்.

"உதென்ன, காலுக்குப் பழக்கிறியோ? பனிக்கு?"

"ஐயோ அண்ணை, சித்தப்பா ஒரு செத்தவீட்டுக்கு வந்து விட்டுட்டுப் போனது. சும்மா கிடக்குதெண்டு போட்டனான்."

"சித்தப்பா எங்க இருக்கிறார்?"

"பிரான்சில."

அவர் சப்பாத்தை இன்னொரு தடவை பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை, தடுப்பூசி முறை வராத காலத்தில், ரூபன் வீட்டு நாகைப் பார்க்கப் போனார். அது கட்டின இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ரூபன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்ததில்லை. நாங்கள் சிரித்தோம். ஆனால் நானும் அந்தக் கிழமை தலைமயிர் வெட்டுவதைத் தள்ளிப்போட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் எனக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. காது தெரிய.

ரொறன்ரோவில் என் தங்கைச்சி இருக்கிறாள். மூத்த மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான், வராவிட்டால் சரிவராது என்று அழுதாள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நின்றுவிட்டு வரலாம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வந்தபிறகு மற்றதைப் பார்ப்பம் என்றாள். மற்றது என்ன என்று நான் கேட்கவில்லை. அம்பதை நெருங்குகிற, கலியாணம் கட்டாத நூலகனுக்கு 'மற்றது' என்ற சொல் இரண்டு இரவு நித்திரையைக் கெடுக்கப் போதுமானது. எங்கள் குழு முதன்முதலாக மேடையேறுவதாக இருந்த சனசமூக நிலைய ஆண்டுவிழாவும் கலியாணமும் ஒரே கிழமையில் வந்தன.

நான் யாருக்கும் சொல்லவில்லை. லீவு போட்டு யாழ்ப்பாணம் போய்ப் பாஸ்போட்டுக்குக் கொடுத்தேன், படம் எடுத்தேன். சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனபோது அவர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்ப தலைமயிர் வெட்டினனீர்?"

"வெக்கை அண்ணை."

மூன்றுக்கு என் முகத்தைப் பார்க்கும்போது அன்று கொஞ்சம் கூட நேரம் எடுத்தார். எனக்கு நாலு கம்பியிலும் விரல் வழுக்கியது.

மாட்டிவிட்டது அவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு அக்கா. என் பத்திரக் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி வருவீங்கள் என்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். வேலைக் கடிதம் கொடுத்தேன். அது காணாது என்றார். மனைவி? இல்லை. பிள்ளைகள்? அதுவும் இல்லை. எனக்குப் பழகிப்போன விசாரணை. அடுத்து மாடு கேட்பார் என்று பார்த்தேன். ஏதாவது கழகம், சங்கம், நீங்கள் இல்லாமல் நடக்காத காரியம் ஏதும் உண்டோ என்றார். கொஞ்சம் யோசித்து, ஒரு இசைக்குழு இருக்கிறது என்றேன். அப்படியானால் அந்தப் பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் வாங்கிவாருங்கள், நீங்கள் கட்டாயம் திரும்பி வரவேண்டிய ஆள் என்று எழுதட்டும் என்றார்.

உலகத்தில் யாரிடம் அதைக் கேட்கக் கூடாதோ அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

மற்ற இருவரும் போகும்வரை நின்று, சொன்னேன். அவர் கீபோட்டை நிறுத்தினார். வயரைச் சுற்றினார். மழைக்கோட்டை எடுத்து நிதானமாகச் சுற்றத் தொடங்கினார்.

"எத்தினை நாள்?"

"மூண்டு கிழமை, அண்ணை."

"வருவீரோ?"

"வருவன்."

"லண்டனுக்குப் போனவையும் உந்தக் குரலிலதான் சொன்னவை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

கடிதத்துக்கு ஒன்பது நாள் எடுத்தார். தினமும் பின்னேரம் நூலகத்துக்கு வந்து ஒரு மூலையில் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுதினார், வெட்டினார், அகராதி பார்த்தார். என் மேசையிலிருந்து அவருடைய முதுகு மட்டும் தெரியும். நன்றாக எழுதினால் நான் போய்விடுவேன். மோசமாக எழுதினால் அவர் கெடுத்தவராகிவிடுவார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் திரும்பி வந்த புத்தகங்களை ஒரே தட்டில் மூன்று தடவை அடுக்கினேன். பத்தாம் நாள் திணைக்களத்து நீள உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். தமிழில்தான் எழுதியிருக்கிறேன், நீர் மொழிபெயரும், ஆனால் ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்றார்.

இப்படி இருந்தது:

"இவர் எங்கள் குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவர். நன்றாக வாசிப்பவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதத்தில் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. இதற்கு முன் மூன்று குழுக்கள் தொடங்கினேன். போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். இவர் வருவாரா என்று என்னால் உறுதி கூற இயலாது. அது இவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். இவர் வராவிட்டால் நான் ஐந்தாவது தடவை தொடங்க மாட்டேன். தயவுசெய்து இதைக் கவனத்தில் எடுக்கவும்."

நான் அதைக் கோவையில் வைக்கவில்லை. 'நன்றாக வாசிப்பவர் என்று சொல்ல முடியாது' என்ற வரியால் மனம் நொந்துதான் வைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதற்குக் கொஞ்சம் தள்ளி இருந்த 'இவருக்கே தெரியாது' என்பதுதான் காரணம். கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் உடுக்கும் சாரங்களுக்குக் கீழே வைத்துவிட்டு, சனசமூக நிலையத் தலைவரிடம் வேறு கடிதம் வாங்கினேன். அது நான் சிறந்த குடிமகன் என்று சொன்னது. அவருக்கு என்னைச் சரியாகத் தெரியாது.

ஆறு கிழமையில் மறுத்துவிட்டார்கள். சொந்த நாட்டோடு விண்ணப்பதாரரைப் பிணைக்கும் காரணங்கள் போதுமானதாக இல்லை என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு அலுமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

அயலவர்கள் செத்தவீட்டுக்கு வருவதுபோல வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். தேத்தண்ணிகூடக் கேட்கவில்லை. தங்கைச்சி போனில் அழுதாள். நான் இரண்டு நாள் நூலகம் திறக்கவில்லை. யாரும் வந்து கேட்கவுமில்லை. மூன்றாம் நாள் காலை படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் இல்லாமல் அவர் வந்தார். நடந்து வந்திருந்தார். ஒரு கையில் கயிறு, கயிற்றின் மற்றத் தொங்கலில் ஒரு சிவப்பு நாகு.

அவருடைய முகத்தில் இரண்டு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. நான் நிற்கிறேன் என்ற சந்தோசம் வாயில் வந்து வந்து போனது. அதை மறைக்க அவர் படாத பாடு பட்டார். கண்ணில் வேறொன்று இருந்தது.

"என்ர கடிதம்தான் உம்மைக் கவிழ்த்துப் போட்டுது, என்ன?"

சொல்ல வாயெடுத்தேன். உங்களுடைய கடிதம் இந்த வீட்டை விட்டே வெளியே போகவில்லை அண்ணை என்று ஒரு வரி. சொல்லியிருந்தால் அவருடைய குற்ற உணர்ச்சி அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும். அதோடு, ஏன் வைக்கவில்லை என்றும் கேட்டிருப்பார்.

"அப்பிடி இல்லை அண்ணை. அவங்கள் எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதிறவங்கள்."

"இல்லை. அந்த உறுதி கூற இயலாது எண்டதை நான் விட்டிருக்க வேணும். விட ஏலாமப் போச்சுது." கயிற்றை என் கையில் தந்தார். "இதை வைச்சிரும். அடுத்தமுறை கேட்டால் காட்டுறதுக்கு ஒரு மாடாவது இருக்கட்டும்."

செய்யாத பிழைக்கு அவர் தந்த தண்டத்தை, செய்த பிழையோடு நான் வாங்கிக் கட்டினேன். எங்கள் வேப்பமரத்தில். அவரே வந்து முடிச்சைச் சரிபார்த்தார்.

சனசமூக நிலையத்தில் வாசித்தோம். ரூபன் வழக்கம்போல வெறும் பவுசர் வேகத்தில் முடித்தான், முன்வரிசையில் ஒருவர் சினிமாப் பாட்டுக் கேட்டார், ரீச்சர் கடைசிப் பாட்டுக்கு நிற்காமல் படகுக்கு ஓடினார். எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கு முன்னான நாலு எண்கள்தான். மூன்றில் அவர் என்னைப் பார்த்தபோது முகம் முழுதாக அமைதியாக இருந்தது. அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னோ பின்னோ நான் அவரில் கண்டதில்லை. நான் கண்ணைக் கம்பிக்குத் தாழ்த்தினேன்.

அடுத்த தை மாதம் அவருக்கு முல்லைத்தீவுக்கு மாற்றம் வந்தது. விமானத்தையும் கப்பலையும் காவல் காத்துக்கொண்டிருந்தவரை, பஸ்சில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனார்கள். போகும்போது வாத்தியங்களை எங்களிடமே விட்டுவிட்டார், கீபோட் உட்பட. கிழமைக்கு ஒருக்கால் வந்துபோவேன் என்றார். உந்தக் குரலில்தான் சொன்னார். அவர் இந்தப் பக்கம் வந்து ஐந்து வருடம். இப்போது நாங்கள் மூன்று பேரும் எப்போதாவது சந்திக்கிறோம். ரூபன்தான் எண்ணுகிறான். மூன்றோடு நிறுத்திவிட்டு அடிக்கத் தொடங்கிவிடுவான். நானும் ரீச்சரும் நான்குக்காகக் காத்திருந்து ஒரு அடி பிந்திவிடுவோம்.

போன மாதம் தங்கைச்சி போன் எடுத்தாள். இளைய மகளுக்குக் கலியாணம். இந்தமுறை காட்டுவதற்கு மாடு நிற்கிறது, இரண்டு கன்றும் போட்டுவிட்டது. ஆனால் போவதென்றால் அதை யார் பார்ப்பது? ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு மாட்டு வியாபாரியை வரச்சொல்லியிருந்தேன். சும்மா விலை கேட்பதற்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் எனக்குச் சொல்லிக்கொள்வதெல்லாம் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

வியாபாரி வேப்பமரத்தடியில் மாட்டைச் சுற்றிவந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. முல்லைத்தீவு. அவர் சுகம் விசாரிக்கமாட்டார். குழுவைப் பற்றியும் கேட்கமாட்டார். இந்த ஐந்து வருடமும் ஒரே கேள்விதான்.

"மாடு நிக்குதோ?"

"நிக்குது அண்ணை."

மறுபக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்ப சரி என்று வைத்துவிட்டார்.

வியாபாரி என்னைப் பார்த்தார். "அப்ப என்ன மாதிரி? குடுக்கிறீங்களோ?"

"இப்ப ஏலாது. சினையா நிக்குது."

வியாபாரி மாட்டின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடமாக மாடு பார்க்கிறவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.